நெகிழ்வு அலுவலகம்

நெகிழ்வு அலுவலகம் என்பது, ஒவ்வொரு பணியாளருக்கும் நிலையான மேசை ஒதுக்காமல், செய்யும் பணிக்கும் அன்றன்று வருவோரின் எண்ணிக்கைக்கும் ஏற்பப் பயன்படுத்தத்தக்க வகையில் வடிவமைக்கப்படும் அலுவலக இடம் ஆகும். வாரத்தின் சில நாட்கள் அலுவலகத்திலும் ஏனைய நாட்கள் வீட்டிலும் பணிபுரியும் முறை கலப்புப் பணிமுறை எனப்படும். 2020 ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்று ஏற்பட்ட பின்னர் இம்முறை பல நாடுகளில் பரவியது. அதனைத் தொடர்ந்து நெகிழ்வு அலுவலகங்களும் பெருகின. எனினும் இவற்றின் அடிப்படைக் கருத்துகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழமையானவை.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய அலுவலகங்களில் மேசைகள் நேர்வரிசைகளில் இடப்பட்டு, மேற்பார்வையாளரின் பார்வைக்குள் வைக்கப்பட்டன. 1950களின் இறுதியில் செருமனியில் சினெல்லே சகோதரர்களின் குயிக்போர்ன் குழு இவ்வமைப்பை மாற்றியது. யார் யாருடன் தொடர்பு கொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்து, அதற்கேற்ப மேசைகளைக் குழுக்களாக அமைத்தது. சுவர்களுக்குப் பதிலாகச் செடிகளும் தாழ்ந்த திரைகளும் பயன்பட்டன. இவ்வமைப்பு 'பூரோலான்ட்சாஃப்ட்', அதாவது அலுவலக நிலத்தோற்றம், எனப் பெயர் பெற்றது.

ஐக்கிய அமெரிக்காவில் எர்மன் மில்லர் நிறுவனத்தைச் சேர்ந்த இராபர்ட் புரொப்சிட் 'ஆக்சன் ஆபீஸ்' என்னும் அறைகலன் தொகுதியை உருவாக்கினார். இதன் முதல் வடிவம் 1964 இலும், நகர்த்தத்தக்க தடுப்புகளைக் கொண்ட இரண்டாவது வடிவம் 1968 இலும் வெளிவந்தன. பணியாளர் தம் தேவைக்கேற்ப இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவரது நோக்கம். ஆனால் நிறுவனங்கள் அத்தடுப்புகளைச் செங்கோணத்தில் நெருக்கமாக அமைத்துக் குறைந்த இடத்தில் கூடுதலானோரை அமர்த்தின. 'கியூபிக்கிள்' எனப்படும் சிற்றறைகள் இவ்வாறு உருவாயின. நெகிழ்வுக்காகப் படைக்கப்பட்ட பொருள் நெருக்கடியின் அடையாளமாக மாறியது.

1973 இல் ஜாக் நில்சு, தொலைத்தொடர்பின் துணையுடன் அலுவலகத்துக்கு வெளியே பணிபுரிவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். அதே ஆண்டில் தாமசு ஆலன், பீட்டர் கெர்சிட்பெர்கர் ஆகியோர் நிலையான மேசைகள் இல்லாத பொறியியல் துறை ஒன்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 1985 இல் பிலிப் சிடோன், இராபர்ட் லுக்கெட்டி ஆகியோர், ஒரே மேசைக்குப் பதில் பணிக்கேற்ற பல்வகை இடங்களை வழங்கும் கருத்தை முன்வைத்தனர். இது பின்னர் செயல்சார் பணியிடம் என அறியப்பட்டது. 1990களில் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் இன்டர்போலிசு காப்புறுதி நிறுவனம் இதனைப் பெருமளவில் செயற்படுத்தியது.

சையட்/டே விளம்பர நிறுவனம் 1994 இல் கலிபோர்னியாவில் தன் பணியாளர்களின் சொந்த மேசைகளை நீக்கியது. மடிக்கணினியையும் தொலைபேசியையும் காலையில் வாங்கி மாலையில் திருப்பித்தர வேண்டியிருந்தது. கருவிகளும் இடமும் போதாமையால் குழப்பம் நேர்ந்தது. சில ஆண்டுகளில் இம்முறை கைவிடப்பட்டது. நெகிழ்வு அலுவலகத் தோல்விக்கு இது இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இடத்தேவைக் கணக்கீடு

மேசைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதே வடிவமைப்பின் முதற்படி ஆகும். 100 பணியாளர்கள் வாரத்தில் மூன்று நாட்கள் வருவதாகக் கொண்டால், ஐந்து நாட்களில் மொத்த வருகை 300. நாளொன்றுக்குச் சராசரி 60. ஆனால் வருகை சீராக அமைவதில்லை. திங்களும் வெள்ளியும் 30 பேர் வீதம் வந்தால், எஞ்சிய மூன்று நாட்களில் 80 பேர் வீதம் வருவர். 60 மேசைகள் மட்டும் இருப்பின் அந்நாட்களில் 20 பேருக்கு இடமிராது. மற்ற இரு நாட்களில் 30 மேசைகள் வெறுமையாக இருக்கும். எனவே சராசரியை அன்றி உச்ச வருகையைக் கருத்திற்கொள்ள வேண்டும். குழுக்களின் வருகை நாட்களைப் பிரித்தமைத்தல், முன்பதிவு முறை ஆகியவை உச்சத்தைக் குறைக்க உதவும்.

இட வகைகள்

* அமைதிப் பகுதி: கவனம் தேவைப்படும் தனிப்பணிக்கு உரியது. இங்கு தொலைபேசி உரையாடல் தவிர்க்கப்படும்.
* குழுப் பகுதி: பெரிய மேசைகளும் எழுதுபலகைகளும் கொண்டது.
* சிற்றறைகள்: ஒருவர் அல்லது இருவர் காணொளி அழைப்பில் பேசுவதற்கு உரியவை.
* கூட்ட அறைகள்: அலுவலகத்தில் இருப்போரும் தொலைவில் இருப்போரும் சேர்ந்து கலந்துரையாடுவதற்கு உரியவை.
* பொது இடம்: உணவு, ஓய்வு, தற்செயலான சந்திப்பு ஆகியவற்றுக்கு உரியது.

அறைகலன்கள்

ஒரே மேசையைப் பலர் பயன்படுத்துவதால் அது பல உடலமைப்புகளுக்கும் பொருந்த வேண்டும். உயரம் மாற்றத்தக்க மேசைகள் ஏறத்தாழ 65 செ.மீ. முதல் 125 செ.மீ. வரை நகரக்கூடியவை, இவற்றில் அமர்ந்தும் நின்றும் பணிபுரியலாம். நாற்காலியின் உயரம், முதுகுத்தாங்கி, கைத்தாங்கி, திரையைத் தாங்கும் கை ஆகியவற்றை ஒரு நிமிடத்துக்குள் மாற்ற இயலாவிடில், பணியாளர்கள் அவற்றை மாற்றாமலேயே அமர்ந்து முதுகுவலிக்கு உள்ளாகலாம்.

சொந்த இழுப்பறை இல்லாததால் பூட்டத்தக்க பெட்டகங்கள் இன்றியமையாதவை. சக்கரம் பொருத்திய மேசைகளும் எழுதுபலகைகளும் அறையின் பயனை எளிதில் மாற்ற உதவும். ஆனால் மின்னிணைப்பு சுவரில் மட்டும் இருப்பின் சக்கரங்களால் பயனில்லை. இதனால் உயர்த்தப்பட்ட தரையின் கீழ் மின்கம்பிகளும் தரவு வடங்களும் கொண்டு செல்லப்படுகின்றன.

கூட்ட அறையில் நீள்சதுர மேசையைச் சுற்றி அமர்வோர் ஒருவரையொருவர் ஒளிப்படக்கருவியிலிருந்து மறைப்பர். ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகும் மேசை இக்குறையை நீக்கும். தொலைவில் இருப்போருக்குப் படத்தைவிட ஒலியே முதன்மையானது. ஆகவே ஒலிவாங்கிகள் எல்லா இருக்கைகளுக்கும் எட்ட வேண்டும்.

ஒலியியல்

திறந்த அலுவலகங்களில் கவனத்தைச் சிதைப்பது ஒலியின் அளவு மட்டுமன்று. பிறர் பேச்சின் சொற்கள் தெளிவாக விளங்குவதும் ஆகும். இதற்கு உறிஞ்சுதல், தடுத்தல், மறைத்தல் என மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. கூரைப் பலகைகளும் தரைவிரிப்பும் ஒலியை உறிஞ்சும், திரைகள் தடுக்கும், மெல்லிய பின்னணி ஒலி தொலைவிலுள்ள பேச்சை மறைக்கும்.

நன்மைகளும் விமர்சனங்களும்

இட வாடகை, மின்சாரம் ஆகிய செலவுகள் குறைவதை நிறுவனங்கள் முதன்மை நன்மையாகக் கருதுகின்றன. கலப்புப் பணிமுறை பணியாளர்களுக்கும் பயன் தரலாம். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வில், இம்முறையால் பணிவிலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மறுபுறம், திறந்த இடம் உரையாடலை வளர்க்கும் என்னும் கருத்து கேள்விக்குள்ளாகியுள்ளது. ஈதன் பெர்ன்சுடீன், இசுடீபன் டர்பன் ஆகியோர் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய இரு நிறுவனங்களில் நேர்முக உரையாடல் ஏறத்தாழ 70% குறைந்து மின்னஞ்சல் பயன்பாடு கூடியது.

நாள்தோறும் இடம் தேடுவது, குழுவினர் சிதறி அமர்வது, தனக்கென ஓரிடம் இல்லாமை ஆகியவையும் குறைகளாகச் சுட்டப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு இது அசௌகரியம் என்ற அளவில் நிற்பதில்லை. தன் உடலுக்கேற்ப அமைத்த மேசையும் பழகிய வழித்தடமும் தேவைப்படும் ஒருவர், அவை இல்லையெனில் பணிபுரியவே இயலாது போகலாம். ஆதலால் நெகிழ்வு அலுவலகத்திலும் சில நிலையான இடங்கள் ஒதுக்கப்படுதல் அவசியமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* தொலைப்பணி
* பணிச்சூழலியல்
* உள்ளக வடிவமைப்பு
* கட்டிட ஒலியியல்