ஒளிக்கும் ஒலிக்கும் தாயாதிச் சண்டை

கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில், தங்கள் ஈயச் சுரங்கத்தின் நீரிறைக்கும் யந்திரங்களை ஓட்டுவதற்காக லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் 1894-இல் மின்சாரத்தை உற்பத்தி செய்தபோது, மலாயாவில் ஒரு நூதன யுகம் உதயமாயிற்று. மறு வருஷமே கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது. பத்து ஆராங் நிலக்கரியைக் கொண்டு 1927 முதல் இயங்கிய பங்சார் மின்நிலையமும், 1953-இல் கிள்ளானுக்கருகே திறக்கப்பெற்ற கன்னாட் பாலம் மின்நிலையமும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வெளிச்சம் பரவுவதற்குக் காரணமாயின.

வானொலி வந்த வழி வேறு. ஜொகூரில் மின்பொறியாளர் ஏ. எல். பர்ச் 1921-இல் தருவித்த பெட்டியிலிருந்து தொடங்கி, 1930-இல் கோலாலம்பூர் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஆர்வலர் சங்கத்தார் நடத்திய ஒலிபரப்பாக வளர்ந்து, 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா என்ற ஸ்தாபனமாகி, 1959 ஜனவரி முதல் நாளன்று சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரையே அது தலைமையிடமாகக் கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே உத்தியோகஸ்தர்கள் குடியிருந்த வரிசை வீடுகளிலும் இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

உண்மையில் அவை அந்நியமானவை அல்ல. எடிசனுடைய பல்பினுள் இழையிலிருந்து வெற்றிடத்தினூடே மின்சாரம் பாய்ந்த அதிசயத்தை ஆராய்ந்த ஆம்புரோஸ் பிளெமிங், 1904-இல் வானொலியின் வால்வை அதிலிருந்தே உருவாக்கினார். வில்விளக்கைப் பாட வைத்த வில்லியம் டட்டலின் சோதனையைத் தொடர்ந்து, 1903-இல் வால்டெமார் பவுல்சன் அதையே வானொலி அனுப்பும் கருவியாக மாற்றினார். விளக்கின் வயிற்றில் பிறந்த வானொலி விளக்கோடு பிணங்குவதைத் தாயாதிச் சண்டை என்பதே பொருத்தம்.

வருஷத்தில் ஏறத்தாழ 200 நாள் இடி முழங்கும் இப்பிரதேசத்தில், மத்திய அலையிலும் சிற்றலையிலும் தமிழோசையைத் தேடியவர்கள் மின்னலின் கரகரப்புக்கு முன்னமேயே பழகியவர்கள். அதற்குமேல் விளக்கின் உபத்திரவம் சேர்ந்தது. இழை பல்பு பெரும்பாலும் சாது. ஹோல்டர் தளர்ந்தோ இழை அறுந்தோ பொறி பறக்கும்போதுதான் அது வானொலியில் படபடக்கும். குழல்விளக்கு அப்படியன்று. 50 சுழற்சி மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை அணைந்து அணைந்து எரிவதால், ஒவ்வொரு முறையும் எழும் சிறு அதிர்வு வீட்டின் மின்கம்பிகளையே ஏரியலாகக் கொண்டு பரவி, இடையறாத ரீங்காரமாகப் பெட்டிக்குள் புகுந்துவிடும். ஸ்டார்ட்டருக்குள் மணிபோல் ஒளிந்திருந்த சிறு கண்டென்சர் இந்த இரைச்சலை அடக்குவதற்காகவே வைக்கப்பட்டதென்பதை அறியாமலேயே, நம்மில் பலர் அந்த ஸ்டார்ட்டரை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறோம்.

பரிகாரம் புதிதன்று. மின்சாதனங்கள் வானொலிக்கு விளைக்கும் இடையூற்றை அளப்பதற்கும் அதற்கு வரம்பு கட்டுவதற்குமென்றே ஒரு சர்வதேசக் குழு 1934-இல் பாரிஸில் கூடிற்று. அது வகுத்த நியதிகள் காலந்தோறும் திருத்தப்பட்டு இன்றளவும் நடைமுறையில் உள்ளன.

2014-க்குள் இழை பல்புகளை விலக்கிவிட வேண்டுமென்று மலேசிய அரசாங்கம் தீர்மானித்ததனால் மின்சாரம் மிச்சமாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் ஸ்தானத்துக்கு வந்த எல்.இ.டி. விளக்கின் அடியிலுள்ள சிறு மின்சுற்று, நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் துண்டித்துத் துண்டித்து இணைப்பது. அதனால் எழும் அலைகளை உள்ளேயே தடுத்துவிடச் சிறு கம்பிச்சுருளும் கண்டென்சருமாகிய வடிகட்டி போதும். சில காசுகளை மிச்சப்படுத்த அதனை விட்டுவிடும் மலிவான விளக்கின் இரைச்சல், பழைய மத்திய அலையைத் தாண்டி எஃப்.எம். வரையிலும் எட்டுகிறது.

ஆகையால், மாலையில் தமிழ் நிகழ்ச்சி கரகரக்கும்போது நிலையத்தாரைக் குறைகூறுமுன், வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்; எந்த விளக்கு அணைந்ததும் குரல் தெளிகிறதோ, அதை மாற்றிவிடுங்கள்.