சுழலை நம்பிய முப்பத்து மூன்று ஆண்டுகள்

இன்றைய பிள்ளைகளுக்கு கிரிக்கெட் என்றால் ஐ.பி.எல். பாதிப் போட்டிகள் முடிந்ததும் புள்ளிப் பட்டியலை வைத்துக்கொண்டு, "பிளே ஆஃப் போவோமா, பௌலிங் தாங்குமா" என்று பேசிக்கொள்கிறார்கள். இதே பேச்சு நம் பக்கத்தில் ஐம்பது வருடங்களுக்கு முன்பே இருந்தது. அப்போது நாம் கணக்குப் போட்டது ரஞ்சிக் கோப்பைக்கு. நம்பியது வெங்கட்ராகவனையும் வி.வி. குமாரையும்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே நம் அணியுடையதுதான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. போட்டியின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48 ரன்னுக்கும் 59 ரன்னுக்கும் சுருண்டது. இடது கைச் சுழல் வீரர் ஏ.ஜி. இராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. சுழல் பந்துதான் நம் சொத்து என்ற நம்பிக்கைக்கு அன்றே அஸ்திவாரம் போட்டாயிற்று.

ஆனால் கோப்பை கைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1935-36இலும் 1940-41இலும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றோம். 1954-55இல் பாலு அழகண்ணன் தலைமையில் இந்தூருக்குப் போய் ஹோல்கர் அணியை வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். அழகண்ணன் பிற்காலத்தில் வானொலி வர்ணனையாளராகவும் பெயர் வாங்கியவர். இராம் சிங்கின் மகன் கிருபால் சிங்கும் அந்த அணியில் இருந்தார்.

அப்போது அணியின் பெயர் 'மெட்ராஸ்'. இந்தப் பெயர் விஷயம் விருதுநகர்க்காரர்களுக்குச் சாதாரணமானதல்ல. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது முதலான கோரிக்கைகளுக்காக நம் ஊர் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27இல் உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13இல் உயிர் துறந்தார். 1967இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1969 ஜனவரி 14, பொங்கல் திருநாளில் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ரஞ்சி அணியும் 'தமிழ்நாடு' ஆனது.

அந்த அணியில் நம் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள எங்கள் பேச்சில் யார் பெயரும் அடிபட்டதில்லை. எல்லோரும் சென்னை லீக்கில் ஆடுகிறவர்கள். பிறகு எதற்கு அவர்களுக்காக இவ்வளவு தவித்தோம் என்று பேரன் கேட்கிறான். அந்தப் பெயருக்காகத்தான். விருதுநகரில் ஒருவர் பட்டினி கிடந்து கேட்ட பெயர், பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் பம்பாய்க்கு எதிராக அச்சாகி வரும்போது நமக்கு ஒரு பாத்தியதை இருந்தது.

இனி அந்தக் கால ஏற்பாட்டைச் சொல்கிறேன். 1957-58 முதல் ரஞ்சி ஆட்டங்கள் மண்டல வாரியாக லீக் முறையில் நடந்தன. தெற்கு மண்டலத்தில் ஐந்து அணிகள்: நாம், மைசூர், ஹைதராபாத், ஆந்திரம், கேரளம். ஆளுக்கு நான்கு ஆட்டம். இரண்டு முடிந்தாலே பாதிப் பருவம் போய்விட்டது என்று அர்த்தம். முதலில் மண்டலத்தில் முதலாவதாக வரும் அணி மட்டுமே நாக் அவுட்டுக்குப் போகும். எழுபதுகளின் தொடக்கத்தில்தான் இரண்டு அணிகளுக்கு வழி விட்டார்கள். அப்படியும் இடம் இரண்டு, அதற்குக் கனத்த ஆள் மூன்று. பின்னாளில் கர்நாடகம் என்று பெயர் மாறிய மைசூரில் பிரசன்னா, சந்திரசேகர், விஸ்வநாத். ஹைதராபாத்தில் ஜெய்சிம்மா, பட்டோடி, ஆபித் அலி. மூவரில் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அது நாமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

லீக் ஆட்டங்கள் மூன்றே நாள். அதற்குள் ஒரு அணியை இரண்டு தடவை வெளியேற்றினால்தான் முழு வெற்றி. முடியாவிட்டால் முதல் இன்னிங்ஸில் யாருக்கு 'லீடு' என்று பார்ப்பார்கள். ஆகவே ஆந்திரத்தையும் கேரளத்தையும் முழுதாக அடித்துப் புள்ளி சேர்ப்பது, மைசூரிடமும் ஹைதராபாத்திடமும் லீடாவது வாங்குவது என்பதே எல்லோருடைய கணக்கும். மூன்று நாளில் இருபது விக்கெட் எடுக்க யாரால் முடியும்? அங்கேதான் வெங்கட்டும் குமாரும் வருவார்கள்.

வெங்கட்ராகவன் ஆஃப் ஸ்பின். 1965இல் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். அதே தொடரில் டெல்லியில் 12 விக்கெட் எடுத்தார். ரஞ்சியில் மட்டும் 530 விக்கெட். வி.வி. குமார் லெக் ஸ்பின். 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் டெஸ்டில் 64 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர். அதன் பிறகு ஒரே ஒரு டெஸ்ட்தான் கிடைத்தது. முதல் தர ஆட்டங்களில் மொத்தம் 599 விக்கெட் எடுத்தும் அவ்வளவுதான். இந்திய அணிக்கு ஆன நஷ்டம் நமக்கு லாபம் என்று சொல்லிக்கொள்வோம். டெஸ்ட் தொடர் நடக்கும்போது பிரசன்னா, சந்திரசேகர், விஸ்வநாத் மூவரையும் கர்நாடகம் இந்திய அணிக்கு அனுப்பிவிட்டு நிற்கும். நமக்கோ குமார் எப்போதும் இருப்பார். வெங்கட்டை டெஸ்ட் அணியில் சேர்க்காவிட்டால் திட்டவும் செய்வோம், உள்ளுக்குள் சந்தோஷமும் படுவோம்.

இந்தப் பேச்சுக்குச் சிவகாசியில் வசதியான காலம் அது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆலைகளில் பேச நேரம் கிடையாது. தீபாவளி முடிந்து பட்டாசு வேலை தணியும் சமயத்தில் ரஞ்சி பருவம் சூடு பிடிக்கும். அச்சகங்களில் நாள்காட்டி வேலை மும்முரம். நான் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தேன். டிசம்பர் மாதம் இரவு ஷிப்டும் உண்டு. கட்டிங் மெஷினிலிருந்து விழும் நீளக் காகிதத் துண்டுகளில் புள்ளிப் பட்டியல் போடுவோம். ரஞ்சி ஆட்டம் பற்றி மறுநாள் பேப்பரில் வருவதுதான் சேதி. அதுவும் சில நாள் நாலே வரி. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் சாத்தூர் சேவுப் பொட்டலம் தீரும் வரை பேச்சு ஓடும். "அண்ணாச்சி, கேரளாவை முழுசா முடிச்சாச்சு. ஹைதராபாத்துகிட்ட லீடு வாங்கினா போதும்" என்பார் ஒருவர். "வெங்கட்டு இருந்தா வாங்கலாம். டெஸ்டுக்குக் கூப்பிட்டுட்டா?" என்பார் இன்னொருவர். பேச்சு முழுக்க விக்கெட்டைப் பற்றியே இருக்கும். ரன் யார் எடுப்பார் என்று கேட்டவர்கள் குறைவு.

1972-73 பருவம் அப்படித்தான் நடந்தது. அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கிவிட்டதால் டீக்கடைகளில் அரசியல் சூடு. நடுவே இங்கிலாந்து அணி வந்திருந்தது. சந்திரசேகர் அந்தத் தொடரில் 35 விக்கெட் எடுத்தார். ஜனவரியில் சேப்பாக்கம் பொங்கல் டெஸ்டிலும் இந்தியா வென்றது. சுழலுக்கு இதைவிட நல்ல காலம் வராது என்று இருந்தோம். ரஞ்சியில் தமிழ்நாடு மண்டலத்தைத் தாண்டி இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. தமிழ்நாடு என்ற பெயரில் நம் அணி ஆடிய முதல் இறுதி ஆட்டம் அது. எதிரணி பம்பாய். 1958-59 முதல் தொடர்ந்து பதினான்கு தடவை கோப்பையை விடாமல் வைத்திருந்தவர்கள். ஆனால் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில்.

ஆடுகளம் முதல் நாளிலிருந்தே சுழன்றது. பம்பாய் 151 ரன்னில் ஆட்டமிழந்தது. நம் வேகப்பந்து வீரர் கல்யாணசுந்தரம் ஹாட்ரிக் எடுத்தார். ரஞ்சி இறுதி ஆட்டத்தில் அப்படி இன்னொரு ஹாட்ரிக் வர 2017-18 வரை ஆனது. இரண்டாவது இன்னிங்ஸில் பம்பாய்க்கு வெறும் 113. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பம்பாயை 264 ரன்னில் நிறுத்திய பந்து வீச்சைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் நாம் எடுத்தது 80, 61. பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட். சோல்கர் 23 ரன்னுக்கு 5. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே எல்லாம் முடிந்தது. 123 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

கரிசலில் கார்க் பந்து வைத்து விளையாடி வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. கோடையில் வெடிப்பு விட்ட நிலத்தில் பந்து எப்படிப் போகும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். அது நம் ஆள் போட்டாலும் திரும்பும், எதிராளி போட்டாலும் திரும்பும். நம்மிடம் நல்ல சுழல் வீரர்கள் இருப்பது வெற்றியில் பாதிதான். எதிராளியின் சுழலைச் சமாளித்து ரன் எடுப்பது மறுபாதி. காகிதத் துண்டில் நாங்கள் எழுதி வைத்ததெல்லாம் முதல் பாதி மட்டுமே.

அடுத்த பருவத்தில் பம்பாயின் ஓட்டத்தை நிறுத்தியது கர்நாடகம். அவர்களிடமும் பிரசன்னா, சந்திரசேகர் என்று சுழல்தான். கூடவே விஸ்வநாத்தும் பிரிஜேஷ் படேலும் மட்டை பிடித்தார்கள். 1973-74, 1977-78, 1982-83 என்று மூன்று கோப்பைகள் அவர்களுக்கு. 1986-87இல் ஹைதராபாத்தும் வாங்கிவிட்டது. தெற்கு மண்டலத்தின் மூன்று கனத்த அணிகளில் நாம் மட்டும் 1955ஐச் சொல்லிக்கொண்டிருந்தோம். எண்பதுகளில் வானொலியில் தமிழ் வர்ணனை வந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலை மறக்க முடியுமா? நம் தென்பாண்டிச் சீமைக்காரர் நம் மொழியில் ஆட்டத்தைச் சொன்னபோது, அதுவரை ஸ்கோர் மட்டும் கேட்டவர்கள்கூட வானொலிப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள்.

1987-88 பருவத்தின் நடுவில், டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். கடைகள் அடைப்பு, பஸ் இல்லை. கிரிக்கெட் பேச யாருக்கும் மனமில்லை. ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட். நரேந்திர ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 136 ரன் கொடுத்து 16 விக்கெட் எடுத்தார். ஊரெல்லாம் அதே பேச்சு. அதே ஆட்டத்தில் நம் டபிள்யூ.வி. ராமன் அறிமுகமாகி இரண்டாவது இன்னிங்ஸில் 83 ரன் எடுத்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியது அதைத்தான்.

அந்த ஆண்டும் சுழலுக்குக் குறைவில்லை. கேப்டன் எஸ். வாசுதேவனே இடது கைச் சுழல் வீரர். கூடவே வெங்கட்ரமணா. ஆனால் இந்தத் தடவை வி.பி. சந்திரசேகர், ராமன், ராபின் சிங் என்று மட்டைப் பக்கமும் பலமாக இருந்தது. இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் ரயில்வேயுடன். நாம் மலை போல ரன் குவித்து, இன்னிங்ஸ் மற்றும் 144 ரன் வித்தியாசத்தில் வென்றோம். தமிழ்நாடு என்ற பெயரில் முதல் ரஞ்சிக் கோப்பை. முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளி. எங்கள் டீக்கடை வாசலில் யாரோ ஒரு சரம் கொளுத்தினார்கள். தீபாவளி இல்லாத நாளில் சிவகாசியில் வெடிச் சத்தம் கேட்டால் ஆலையில் விபத்தோ என்று முதலில் திடுக்கிடுவார்கள். அன்றும் நாலு பேர் ஓடி வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மறு ஆண்டு ராமன் ஒரே ரஞ்சி பருவத்தில் 1018 ரன் எடுத்து, ரூசி மோடியின் 1944-45 சாதனையை முறியடித்தார். கோவாவுக்கு எதிராக அவர் 313, அதே இன்னிங்ஸில் அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. இந்த அர்ஜன், 1934இல் 11 விக்கெட் எடுத்த இராம் சிங்கின் பேரன். தாத்தா விக்கெட்டில் தொடங்கியதைப் பேரன் ரன்னில் தொடர்ந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1988க்குப் பிறகு கோப்பை இல்லை. 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15 என்று ஆறு இறுதி ஆட்டங்களில் தோல்வி. 2014-15இல் கர்நாடகத்துக்கு எதிராக நம் முதல் இன்னிங்ஸ் 134. அவர்களில் கருண் நாயர் ஒருவரே 328. 2023-24இல் நம் கேப்டன் சாய் கிஷோர் 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடம். ஆனால் மும்பையுடன் அரையிறுதியில் நாம் எடுத்தது 146, 162. இன்னிங்ஸ் தோல்வி. அரை நூற்றாண்டு கழிந்தும் அதே கதை. நாக் அவுட் வாசல் வரை பந்து வீச்சு கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. உள்ளே போக ரன் வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் நன்றாக மாறியிருக்கிறது. சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் தமிழ்நாட்டு அணிக்கும், பிறகு இந்திய அணிக்கும் போனார். பெயரில் மட்டும் பாத்தியதை கொண்டாடிய நம் காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். சாத்தூரிலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ ஒரு பையன் அதே வழியில் போக நாளாகாது.

2024-25 முதல் ரஞ்சி பருவத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஐந்து ஆட்டம் முடிந்ததும் இடைவேளை, மீதி இரண்டு ஜனவரியில். எட்டு அணிகள் கொண்ட பிரிவில் முதல் இரண்டு அணிகளுக்குக் காலிறுதி. முழு வெற்றிக்கு 6 புள்ளி, இன்னிங்ஸ் வெற்றி என்றால் 7, டிராவில் முதல் இன்னிங்ஸ் லீடுக்கு 3. கணக்குப் போட்டுப் பேச நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு மாதம் ஒழித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பேசுங்கள். ஆனால் விக்கெட் பட்டியலைப் புரட்டும் முன் ரன் பட்டியலைப் பாருங்கள்.

1973 இறுதி ஆட்டத்தையோ 1988 வெற்றியையோ நேரில் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் இருந்தால் எழுதுங்கள். சேப்பாக்கம் கேலரியில் உட்கார்ந்து பார்த்த நம் ஊர்க்காரர் ஒருவரையாவது தெரிந்துகொள்ள ஆசை.