மையில்லாக் கையொப்பம்

1869ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநில உயர் நீதிமன்றம், தந்தியில் வந்த ஒப்பமும் ஒப்பமே என்று தீர்த்தது. பேனா முனையாயினும் ஆயிரம் மைல் செப்புக் கம்பியாயினும் எழுதுகருவிதானே! ஆயினும், கம்பியின் மறுமுனையில் இருந்தவர் இன்னாரென்பதற்குச் சான்று யாது? சட்டத்தால் இயலாத அதனைக் கணிதம் அளித்தது. 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் வகுத்த நெறியை, 1978இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் செயல்முறையாக்கி வெளியிட்டனர். ஒப்பமிடுவோர் ஒரு திறவெண்ணை மறைத்து வைப்பர்; அதற்கு இணையான மற்றொன்றால் எவரும் ஒப்பத்தைச் சோதிக்கலாம். ஆவணத்தில் ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பொய்த்துவிடும். மை ஒப்பத்திற்கு இவ்வல்லமை என்றும் இருந்ததில்லை.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரன் ஒப்பத்தை ஏற்றது. காணி உறுதியையும் மரணசாசனத்தையும் மட்டும் அன்றி வேறு சிலவற்றையும் அது விலக்கிற்று. காணிக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டுமென 1840ஆம் ஆண்டிலேயே விதித்தாயிற்று.