மேஸ்ட்ரோவும் மேஸ்திரியும்

பள்ளிப்பட்டில், காலை நேரத்தில், வீடு கட்டுகிற இடமாகப் பார்த்துப் போய் நில்லுங்கள். ''மேஸ்திரி, கலவை போதுமா?'' என்று குரல் கேட்கும். எதிர் டீக்கடையில் இளையராஜா பாட்டு. அவர் மேஸ்ட்ரோ, இவர் மேஸ்திரி. இரண்டும் ஒரே சொல்தான் என்றால் நம்புவீர்களா? டீ ஆற்றுகிற மாஸ்டரும் அதே குடும்பம்!

தாத்தா லத்தீன்காரர். பெயர் 'மாகிஸ்டர்'. 'மாகிஸ்' என்றால் அதிகம். ஆக, மற்றவரைவிட ஒரு படி மேலே இருப்பவர். ரோமாபுரியில் குதிரைப்படைத் தலைவரும் மாகிஸ்டர்தான், பள்ளிக்கூட வாத்தியாரும் மாகிஸ்டர்தான். (இதற்கு நேர் எதிர் 'மினிஸ்டர்'. 'மினுஸ்' என்றால் குறைவு; வேலைக்காரர் என்று அர்த்தம். நம்ம மந்திரிகளிடம் யார் போய்ச் சொல்வது?)

பிறகு ஊர் ஊராக வேஷம் மாறியது. பிரான்ஸில் அது 'மேத்ர'. வக்கீலை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஜெர்மனியில் 'மைஸ்டர்', கைத்தொழிலில் பரீட்சை எழுதித் தேறியவர். இங்கிலாந்தில் 'மாஸ்டர்' தேய்ந்து, வெறும் 'மிஸ்டர்' ஆனது. போர்ச்சுக்கலில் 'மெஸ்த்ரெ'. 1498-ல் வாஸ்கோடகாமா வழி காட்ட, பின்னால் கப்பல் கப்பலாக வந்தவர்களோடு இந்தச் சொல்லும் இறங்கி, மேஸ்திரி ஆகிவிட்டது.

பள்ளிப்பட்டு, 1953-ல் ஆந்திராவோடு போய், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு நம் பக்கம் வந்த ஊர். எல்லைக்கோடு நகர்ந்தது, மேஸ்திரி நகரவில்லை. தெலுங்கிலும் அவர் மேஸ்திரிதான்!

ஆனால், தெலுங்குக் கடற்கரையில் இந்தச் சொல்லுக்குக் கசப்பான அர்த்தமும் ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் காலத்தில் காக்கிநாடா, விசாகப்பட்டினம் பக்கத்து ஏழைகளை ரங்கூன் துறைமுகத்துக்கும் அரிசி ஆலைகளுக்கும் அழைத்துப் போனவரும் 'மேஸ்திரி'. கையில் முன்பணம் கொடுப்பார். அப்புறம் கூலி அவர் கை வழியாகத்தான் வரும், பிடித்தது போக! கடன் தீருகிற வரை கிளம்ப முடியாது. வாத்தியாராக இருந்த சொல், ஆள் பிடிக்கிற சொல்லாகிவிட்டது.

இன்னொன்று. மாஸ்டருக்குப் பெண்பால் 'மிஸ்ட்ரெஸ்'. அதன் சுருக்கம்தான், உங்கள் வீட்டுக் குழந்தை ''மிஸ்... மிஸ்...'' என்று கூப்பிடுகிறதே, அது! ஆனால், மேஸ்திரிக்குத் தமிழில் பெண்பால் இல்லை. அதே பள்ளிப்பட்டு சாரத்தைப் பாருங்கள். தலையில் சும்மாடு வைத்து, கலவைச் சட்டியோடு ஏறுகிறாரே ஒரு அம்மா... எத்தனை வருஷம் ஏறினாலும் அவர் பெயர் 'சித்தாள்'.