ஸ்க்ரூபால் திருமணப் படங்கள்

ஹாலிவுட்டில் 1934 முதல் 1942 வரை செழித்து, 1940-களின் இறுதிவரை தொடர்ந்த கறுப்பு-வெள்ளை நகைச்சுவைப் படவகை. மின்னல் வேகப் பேச்சு, கண்ணியமான வீடுகளுக்குள் வெடிக்கும் அமளி, ஆணுக்கு ஈடுகொடுப்பதோடு அவனை முந்தவும் செய்யும் நாயகி ஆகியவை இதன் அடையாளங்கள். பேஸ்பால் ஆட்டத்தில் எதிர்பார்க்கும் திசைக்கு மாறாக வளைந்து செல்லும் ஒரு பந்துவீச்சுக்கு ‘ஸ்க்ரூபால்’ என்று பெயர். 1930-களில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கார்ல் ஹப்பல் அதற்குப் புகழ் தேடித்தந்தார். கிறுக்குப் பிடித்த ஆளையும் அதே சொல் சுட்டியது. அங்கிருந்து இப்படவகைக்கும் பெயராயிற்று. இவ்வகையின் தலைசிறந்த படங்கள் திருமணத்தைப் பற்றியவை. வழக்கமான காதல் நகைச்சுவை மணமேடையில் முடியும். இவற்றில் பலவும் மணம் முறியும் இடத்தில் தொடங்கி, பிரிந்த அதே இருவர் மறுபடியும் சேர்வதில் முடிகின்றன. இந்த வரிசை மாற்றத்தில்தான் இப்படங்களின் சிந்தனை இருக்கிறது. சட்டமும் சடங்கும் திருமணத்தைப் பிடித்து நிறுத்த முடியாத காலம் வந்தபோது, அதை நிறுத்துவது இருவருக்கிடையே ஓயாமல் நடக்கும் பேச்சுதான் என்று இவை கண்டுகொண்டன. இவ்வகையின் வரலாறு அந்தக் கண்டுபிடிப்பின் வரலாறு.

பின்னணி

மணமுறிவு அமெரிக்காவில் 1930-களுக்கு முன்பே பரவலான செய்தி. ஆனால் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. நியூயார்க்கில் பிறர்மனை உறவு ஒன்றே மணமுறிவுக்கு உரிய காரணம். 1960-களின் பிற்பகுதிவரை அந்நிலை மாறவில்லை. நெவாடா மாநிலமோ 1931-இல், ஆறு வாரம் அங்கே குடியிருந்தாலே வழக்குத் தொடரலாம் என்று விதியைத் தளர்த்தியது. வசதி படைத்தவர்கள் ரெனோ நகருக்கு ரயிலேறினார்கள். ‘ரெனோவுக்குப் போனாள்’ என்றால் மணமுறிவு என்று செய்தித்தாள் வாசகர்களுக்குப் புரிந்தது. கட்டு அவிழ்க்கக்கூடியது என்று தெரிந்த பிறகு, அவிழ்க்காமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை எவரும் கேட்கத் தேவையில்லாத கேள்வி அது.

இந்தக் கேள்வியை மௌனப்படமும் தொட்டிருக்கிறது. செசில் பி. டிமில் 1920-இல் எடுத்த ‘ஒய் சேஞ்ச் யுவர் வைஃப்?’ படத்தில், விலகிப்போன கணவனை குளோரியா ஸ்வான்சன் ஏற்ற மனைவி மீண்டும் அடைகிறாள். ஆனால் எப்படி? உடுப்பை மாற்றி, தோற்றத்தை மாற்றி. மௌனப்படத்தால் காட்ட முடிந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் ‘தி மேரேஜ் சர்க்கிள்’ (1924) படத்தில் பார்வையாலும் கதவுகளாலும் தம்பதியரின் ஐயங்களைச் சொன்னார். அதற்கு மேல் போகக் குரல் தேவைப்பட்டது. 1927-க்குப் பிறகு பேசும்படம் வந்தது. பிராட்வே நாடக ஆசிரியர்களும் செய்தித்தாள்காரர்களும் ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மனைவி கணவனை உடையால் வெல்வது போய், இருவரும் ஒருவரையொருவர் சொல்லால் சோதிக்கும் படம் சாத்தியமாயிற்று.

தொடக்கம்: 1934

கொலம்பியா நிறுவனத்துக்காக ஃபிராங்க் காப்ரா இயக்கி, ராபர்ட் ரிஸ்கின் எழுதிய ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’ 1934 பிப்ரவரியில் வெளியானது. சாமுவல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸின் ‘நைட் பஸ்’ என்ற சிறுகதைதான் மூலம். தந்தையின் விருப்பத்துக்கு மாறாக மணம் செய்துகொண்ட செல்வந்தர் மகள் (கிளாடட் கோல்பெர்ட்) மயாமியிலிருந்து தப்பி, நியூயார்க்கிலுள்ள கணவனை நோக்கிப் பேருந்தில் பயணிக்கிறாள். வேலை பறிபோன நிருபர் (கிளார்க் கேபிள்) வழித்துணையாகிறான். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கர்களையும் ஒருசேர வென்ற முதல் படம் இது. ஒரு காலைக் காட்சியில், அவளைத் தேடித் துப்பறிவாளர்கள் விடுதி அறைக்குள் நுழைகிறார்கள். இருவரும் சட்டென்று கணவன் மனைவியாகி, ஒருவர்மீது ஒருவர் கத்தத் தொடங்குகிறார்கள். வந்தவர்கள் நம்பிப் போய்விடுகிறார்கள். மணச்சான்றோ பதிவேடோ யாரும் கேட்கவில்லை. சண்டை போட்ட பாங்கே சான்றாகிவிட்டது. அந்தப் பொய்ச் சண்டையில் இருவரும் ஒரே தாளத்தில் இசைந்து விளையாடுகிறார்கள் என்பதைப் பார்வையாளர் கவனிக்கிறார். சட்டப்படி அவளுக்கு வேறொரு கணவன் இருக்கிறான். ஆனால் உண்மையான மணத்தின் விதை இந்த அறையில் விழுகிறது. இவ்வகைப் படங்கள் பிறகு சொன்னதெல்லாம் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது.

அதே ஆண்டில் வந்த ‘தி தின் மேன்’ படத்தில் வில்லியம் பவலும் மிர்னா லாயும் ஏற்ற தம்பதி, மணமான பிறகும் வாழ்க்கை சுவையாக இருக்கலாம் என்று காட்டினார்கள். கொலைவழக்கு அதில் ஒரு சாக்குதான். இருவரும் ஒருவரையொருவர் சீண்டிச் சிரிப்பதைக் காணவே மக்கள் திரண்டார்கள்.

முதிர்ச்சி: 1937 முதல் 1942 வரை

லியோ மெக்கேரிக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கரைப் பெற்றுத்தந்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’ (1937) இவ்வகையின் தூய வடிவம். ஃபுளோரிடாவுக்குப் போய்வந்ததாகச் சொல்லும் கணவன் (கேரி கிராண்ட்) கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தில் கலிஃபோர்னியா முத்திரை இருக்கிறது. மனைவியோ (ஐரீன் டன்) இசை ஆசிரியரோடு வெளியூரில் ஓர் இரவு தங்க நேர்ந்ததாகச் சொல்கிறாள். யார் தவறு செய்தார், செய்தாரா என்பதையே படம் கடைசிவரை உறுதிப்படுத்துவதில்லை. அதுதான் அதன் துணிவு. நம்பிக்கை என்பது நிரூபணத்தின் பின்னால் வருவதாயிருந்தால் அதற்கு நம்பிக்கை என்ற பெயரே பொருந்தாது என்கிறது படம். நீதிமன்றம் மணமுறிவை வழங்குகிறது. தீர்ப்பு முழுமையாகச் செல்லுபடியாகும் நள்ளிரவு நெருங்குகிறது. இடைப்பட்ட நாள்களில் இருவரும் மற்றவரின் புதிய வாழ்க்கைத் திட்டத்தைக் குலைக்கிறார்கள். அவளை மணக்க வரும் ஒக்லஹோமா எண்ணெய்ச் செல்வந்தரிடம் (ரால்ஃப் பெல்லமி) குறையொன்றும் இல்லை; ஆனால் அவரோடு அவளால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. இப்படங்களில் அதுவே தீர்க்கமுடியாத குறை. தமிழ் அகமரபு ஊடல் என்று அழைப்பதற்கு இது அருகில் வருகிறது. ஆனால் ஊடலில் உறவு அறுபடும் என்ற அச்சம் பெரிதாக இல்லை. இங்கே நீதிமன்றக் கெடு மணியடித்துக்கொண்டிருக்கிறது.

ஹாவர்ட் ஹாக்ஸ் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940) படத்துக்காக, பென் ஹெக்டும் சார்லஸ் மெக்கார்தரும் எழுதிய ‘தி ஃப்ரன்ட் பேஜ்’ (1928) நாடகத்தின் ஆண் நிருபரைப் பெண்ணாக்கி, அவளைப் பத்திரிகை ஆசிரியரின் மணமுறிவு பெற்ற மனைவியாகவும் ஆக்கினார். இந்த ஒரு மாற்றத்தால் பழைய தொழில் நாடகம் புதிய திருமணக் கதையானது. ரோசலிண்ட் ரஸ்ஸலும் கேரி கிராண்டும் ஒருவர் பேச்சின் வாலில் மற்றவர் பேச்சைத் தொடங்குகிறார்கள். சொல்லை முழுதும் கேட்காமலே பொருளை எட்டிவிடுவது நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கே கைவரும். அவர்கள் பிரிந்திருக்க முடியாது என்பதற்கு அந்த வேகமே ஆதாரம். ஜார்ஜ் கியூகரின் ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ (1940), மறுமணத்துக்கு முந்தைய நாள் முன்னாள் கணவன் வீட்டுக்குள் வந்து நிற்பதிலிருந்து விரிகிறது. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் ‘தி லேடி ஈவ்’ (1941) படத்தில் ஹென்றி ஃபோண்டா ஏற்ற பாத்திரம் தன் மனைவியை மனைவி என்று அறியாமலே மீண்டும் காதலிக்கிறது. பார்பரா ஸ்டான்விக்கின் அந்த நாயகிக்கு மட்டும் உண்மை தெரியும். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கூட ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்’ (1941) படத்தில், தங்கள் மணம் சட்டப்படி செல்லாது என்று அறிந்த தம்பதியரைக் கையாண்டார். கணவன் மறுபடி கேட்க வேண்டும், மனைவி மறுபடி சம்மதிக்க வேண்டும். ஒரே சம்மதம் ஆயுளுக்கும் போதும் என்ற எண்ணத்தை இவையனைத்தும் மறுக்கின்றன.

எதிர்வாதங்கள்

இப்படங்கள் தணிக்கையின் குழந்தைகள் என்பது முதல் வாதம். ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை 1930-இல் ஏற்கப்பட்டு, 1934 ஜூலை முதல் ஜோசப் பிரீனின் மேற்பார்வையில் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. மண உறவின் புனிதம் காக்கப்பட வேண்டும், முறை தவறிய உறவைக் கவர்ச்சியாகக் காட்டக்கூடாது என்பன அதன் கட்டளைகள். உடல் ஆசையை நேரடியாகக் காட்ட முடியாததால் அது வாய்ச்சண்டையாக உருமாறியது என்று விமர்சகர் பலர் விளக்குவார்கள். பிரிந்த தம்பதியைக் கதையாக்கியது திறமான உத்தி என்பதும் உண்மை: முன்னாள் கணவன் மனைவி ஆதலால் அவர்களது நெருக்கம் பார்வையாளர் மனத்தை உறுத்தாது. ஆனால் காலக்கணக்கு இந்த வாதத்துக்கு முழுதும் இடந்தரவில்லை. காப்ராவின் படமும், ஹாக்ஸின் ‘ட்வென்டியத் செஞ்சுரி’ படமும் கெடுபிடி தொடங்குவதற்கு முன்பே திரைக்கு வந்துவிட்டன. தணிக்கை இவ்வகையைக் கூர்மைப்படுத்தியது, பெற்றெடுக்கவில்லை. மேலும், இப்படங்களில் பேச்சு வேறொன்றின் முகமூடி அன்று. ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் 1643-இல் மணமுறிவுக்கு ஆதரவாக எழுதிய நூலில், இனிய உரையாடலே திருமணத்தின் தலையாய நோக்கம் என்று வாதிட்டார். பேச்சற்ற மணம் மணமே அன்று என்ற அந்தப் பழைய வாதத்தையே திரை தன் மொழியில் மீட்டது.

இரண்டாவது வாதம் கடுமையானது. பெருமந்தம் உச்சத்திலிருந்த 1933-இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அந்நேரத்தில் மாளிகைவாசிகளின் பிணக்குகளைப் படமாக்குவது பசித்தவன் முன் பட்டாடை விரிப்பதாகாதா? பணக்காரர் கதை என்பதால் இப்படங்கள் வறுமையை அறியாதவை என்று முடிவுகட்ட முடியாது. கிரகரி லா காவாவின் ‘மை மேன் காட்ஃப்ரே’ (1936), செல்வர்கள் விளையாட்டுப் பந்தயத்துக்காகக் குப்பைமேட்டிலிருந்து வீடற்ற ஒருவரை அழைத்துப்போகும் காட்சியோடு தொடங்குகிறது. மெக்கேரி ‘தி ஆஃபுல் ட்ரூத்’ எடுத்த அதே 1937-இல் ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்ற படத்தையும் எடுத்தார். வங்கியிடம் வீட்டை இழந்த முதிய தம்பதியைப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பிரித்து வைக்கும் துயரக்கதை அது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். முதியவர்களைப் பிரிப்பது பணமின்மை. இளையவர்களைச் சேர்க்கப் பணத்தால் முடியவில்லை. வறுமை என்ற காரணத்தை நீக்கிவிட்டு, எஞ்சியிருப்பது எது என்று சோதிக்கத்தான் மாளிகை தேவைப்பட்டது. இக்கதைகளில் பெரும்பாலும் குழந்தைகள் இல்லாததற்கும் இதே காரணத்தைச் சொல்லலாம்: கடமையின்பொருட்டு அல்லாமல், விருப்பத்தால் மட்டுமே சேரவேண்டிய இருவரை அவை முன்னிறுத்துகின்றன. இந்தச் சோதனைக்கு ஒரு விலையும் உண்டு. கறுப்பின மக்கள் இப்படங்களில் பணியாளர்களாகவே வந்துபோகிறார்கள். ‘தி பாம் பீச் ஸ்டோரி’ (1942) ரயில் காட்சியில் அவர்களைக் கேலிப்பொருளாக்கியிருப்பது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. உரையாடும் சமத்துவம் எல்லோருக்கும் வழங்கப்படவில்லை.

மூன்றாவது, பெண்ணைப் பணியவைப்பதே இக்கதைகளின் இறுதி நோக்கம் என்ற வாதம். ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’யின் தொடக்கத்தில் கணவன் மனைவியின் முகத்தில் கைவைத்துத் தள்ளிவிடுகிறான், பிறகு தந்தை, தன் தவறுக்கு மகளின் குளிர்ந்த மனத்தைக் காரணமாக்குகிறார். இவற்றுக்குச் சமாதானம் சொல்லத் தேவையில்லை, அவை குறைகளே. ஆனால் அதே படத்தில் கணவனும் குடியைவிட்டு, தன்னைத் திருத்திக்கொண்டுதான் திரும்பிவர முடிகிறது. கதைக்கு வெளியே நடந்ததும் கணக்கில் சேர வேண்டும். 1938-இல் திரையரங்கு உரிமையாளர்கள் வசூலுக்கு ஆகாதவர் என்று பட்டியலிட்ட கேத்தரின் ஹெப்பர்ன், இப்படத்துக்கு மூலமான பிலிப் பாரியின் நாடகத்தில் நடித்து வென்று, அதன் பட உரிமையைத் தன்வசம் வைத்திருந்து, படத்தின் வழியாகத் தானே மீண்டெழுந்தார். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ நாயகி கடைசியில் திரும்புவது கணவனிடம் மட்டுமன்று, தான் நேசித்த வேலைக்கும்தான். அவளை வீட்டோடு இருத்த விரும்பிய நல்ல மனிதர்தான் கைவிடப்படுகிறார்.

தேய்வும் மரபும்

போர் இவ்வகையின் களிப்பைத் தணித்தது. இதன் ஒளிமிக்க நடிகைகளில் ஒருவரான கரோல் லொம்பார்ட், 1942 ஜனவரியில் போர்ப்பத்திர விற்பனைப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் விமான விபத்தில் இறந்தார். காப்ராவும் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் படைப்பணிக்குச் சென்றார்கள். போர் முடிந்ததும் 1946-இல் அமெரிக்க மணமுறிவு விகிதம் அதுவரை காணாத உயரத்தை எட்டியது. முறிவு இனி செல்வர்களின் ரெனோ பயணமாக இல்லை. ரூத் கார்டன், கார்சன் கேனின் என்ற தம்பதியே எழுதி, கியூகர் இயக்கிய ‘ஆடம்ஸ் ரிப்’ (1949), கணவனைச் சுட்ட பெண்ணின் வழக்கில் எதிரெதிராக நிற்கும் வழக்கறிஞர் தம்பதியைக் காட்டியது. பகலில் நீதிமன்றத்திலும் இரவில் வீட்டிலும் அவர்கள் தொடர்வது ஒரே வாதம். இவ்வகையின் கடைசிப் பெரும்படமாக அதைக் கொள்ளலாம்.

1950-களில் மறுபதிப்புகள் வந்தன. 1956-இல் ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ வண்ணத்தில் ‘ஹை சொசைட்டி’ என்ற இசைப்படமானது. அதே ஆண்டு சென்னை ஏவி.எம். நிறுவனம், ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’ கதையைத் தழுவி, ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த ‘சோரி சோரி’ என்ற இந்திப் படத்தைத் தயாரித்தது. பயணமும் காதலும் அதில் அழகாக இறங்கின. ஆனால் மூலக்கதையில் நாயகி ஏற்கெனவே மணமானவள் என்ற முடிச்சு நீங்கி, அவள் மணமாகாத பெண்ணாகிவிட்டாள். இரண்டாம் முறை தேர்ந்தெடுத்தல் என்ற உயிர்நாடி வேறொரு சமூகத்துக்குப் பெயர்வது எத்தனை கடினம் என்பதை இது காட்டுகிறது.

தத்துவ அறிஞர் ஸ்டான்லி கவெல் 1981-இல் எழுதிய ‘பர்சூட்ஸ் ஆஃப் ஹாப்பினஸ்’ நூல், இவற்றில் ஏழு படங்களை எடுத்துக்கொண்டு, பிரிந்தவர் மீண்டும் மணக்கும் நகைச்சுவை என்று தனி வகையாக நிறுவியது. மில்டனோடு இவற்றை இணைத்துப் பார்த்ததும் அவரே. அதன்பின் இப்படங்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது கடினமாகிவிட்டது. மணமுறிவைப் பற்றிப் பேசினாலே குடும்பம் சிதையும் என்று அஞ்சுவோர் எக்காலத்திலும் உண்டு. பிரிவதற்கான கதவைத் திறந்துவைத்தபடியே இருவர் தங்கிவிடுவதைக் காட்டிய இப்படங்கள் அந்த அச்சத்துக்கு விடை தந்திருக்கின்றன. ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’டின் முடிவில் நாயகனும் நாயகியும் திரையில் இல்லை. பயணத்தின்போது விடுதி அறைகளில் அவர்களுக்கிடையே தொங்கிய போர்வை, பழைய மணம் சட்டப்படி நீங்கி, புதிய மணம் நடந்தேறிய பிறகு, தரையில் விழுகிறது. அதை இழுத்துக் கட்டியவர்களே இறக்குகிறார்கள். வெளியிலிருந்து எவர் ஆணையும் தேவைப்படவில்லை.