சோலையை அழித்தது யார்?

ஆனைமலை மழைக்காட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "மனிதர்கள் அழித்துவிட்டார்கள்" என்கிறார்கள். எந்த மனிதர்கள் என்று நாம் கேட்டாக வேண்டும்.

1890களில் வால்பாறைச் சோலைகளை வெட்டித் தேயிலையும் காப்பியும் நடச் சொன்னவர்கள் வெள்ளைக்காரத் துரைகள். வெட்டியவர்கள், கங்காணிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து கூட்டிவந்த நம் மக்கள், பெரும்பாலும் தலித்துகள். காய்ச்சலில் செத்தவர்களும் அவர்களே. பி.எச்.டேனியல் 1969இல் எழுதிய நாவல், தமிழில் 'எரியும் பனிக்காடு', அந்த வாழ்க்கையைத்தான் சொல்கிறது. படிக்காத தோழர்கள் படித்துவிடுங்கள்.

1976இல் சரணாலயம் வந்தது, 2007இல் புலிகள் காப்பகம். தேயிலைக்கு நடுவே மிஞ்சிய துண்டுச் சோலைகளை மீட்க, 2000களின் தொடக்கத்திலிருந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும் எஸ்டேட் நிறுவனங்களும் கைகோத்து நாட்டு மரக்கன்றுகளை நட்டுவருகின்றன. சோலைமந்திக்கும் இருவாச்சிக்கும் அது வேண்டும்தான். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டோம். ஆனால் இந்தக் கூட்டில் நிலம் வைத்திருப்பவர்தான் பங்காளி. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து, வேலை முடிந்ததும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியவருக்கு அதில் என்ன இடம்?

காடர்களோ தேயிலைக்கு முன்பிருந்தே அந்தக் காட்டில் வாழ்பவர்கள். 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார்குடியில் நிலம் சரிந்து வீடிழந்தார்கள். பக்கத்திலிருந்த தெப்பக்குளமேட்டில் குடியேறப் போனபோது வனத்துறை விடவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போராடினார்கள். 2021இல் நில உரிமை கிடைத்தது, புலிகள் காப்பகத்துக்குள்ளேயே.