கண்டிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

மலைகள் சூழ்ந்த கண்டியில் ஊற்றும் நீரெல்லாம் கடைசியில் போய்ச் சேருவது மகாவலி கங்கைக்கே. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த கண்டி வாவியின் மிகைநீரைக் கொண்டுசெல்லும் மெத எல என்னும் கால்வாய், நகரின் நடுவே ஓடி, வழியில் கடைகள், உணவகங்கள், வீடுகளின் அழுக்கையும் சுமந்துகொண்டு ஆற்றில் விழுகிறது. அந்த ஆற்றுநீரையே மக்கள் குடிக்கிறார்கள் என்பதால் இது வெறும் துர்நாற்றப் பிரச்சினை அல்ல. 1976 முதல் பொல்கொல்லை அணையிலிருந்து வடக்கே உலர்வலய வயல்களுக்கும் இதே நீர் திருப்பப்படுகிறது.

நகருக்கான தீர்வாக, ஜப்பானிய அரசின் 2010ஆம் ஆண்டுக் கடனுதவியுடன் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை குழாய் வலையமைப்பையும் கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையத்தையும் அமைத்தது.

குழாய் எட்டாத சரிவுக் கிராமங்களுக்கு மலக்குழித் தொட்டியே கதி. முதல் அறையில் கசடு அடியில் படியும். எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும். இடைப்பட்ட நீர் மட்டும் ஊறுகுழிக்குப் போகும். சரிவில் மண் ஆழமில்லாவிட்டால் அந்த நீர் கீழ்வீட்டின் மதிற்சுவரில் கசியும், கிணற்றிலும் கலக்கும். சரளைக்கல் பரப்பி, நாணலோ சம்புப் புல்லோ நட்ட சிறு ஈரநிலப் படுகை ஒன்றை இடையில் வைத்தால், வேர்களையும் கற்களையும் பற்றி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும், மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் படுகை அடைபடாதிருக்க, தொட்டிக் கசட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பவுசர் கொண்டு எடுத்தே ஆகவேண்டும்.